மச்சக் கரண்டி

நான் வீட்டில் துப்பாக்கிக் குண்டு வார்ப்பதற்கு என் மனைவி சிவமலர் இரண்டு நிபந்தனைகள் வைத்திருந்தாள். ஒன்று, எங்கட சனத்துக்குத் தெரியக்கூடாது. இரண்டு, அவளுடைய சமையல் சாமான் ஒன்றிலும் நான் கை வைக்கக்கூடாது. முதலாவதை ஆறு வருடம் ஒழுங்காகக் காப்பாற்றினேன்.

இது சட்டப்படியான பொழுதுபோக்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறேன். செவ்வாய்க்கிழமைகளில் சுடும் கழகத்துக்குப் போய் ரிவோல்வரால் கடதாசி வட்டத்தைச் சுடுகிறேன். பொலிஸ் தந்த அனுமதி உண்டு. சுவரோடு பூட்டிய இரும்புப் பெட்டி உண்டு. கழகத்தில் பாதிப் பேர் ஈயத்தை உருக்கி, அச்சில் ஊற்றி, தங்கள் குண்டைத் தாங்களே வார்க்கிறார்கள். நானும் ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் கராஜில், கதவை அகலத் திறந்துவைத்துக்கொண்டு, பனி கொட்டினாலும் வார்க்கிறேன்.

பத்தொன்பது வயதில் நான் ஊரை விட்டு ஓடிவந்ததே குண்டுக்குப் பயந்துதான். அப்போது என் பக்கம் வந்த எதையும் நின்று பார்க்க நேரம் இருக்கவில்லை. இப்போது ஈரத் துவாயில் ஆற வரிசையாகக் கிடக்கிற ஒவ்வொரு குண்டையும் மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்க்கிறேன். அடியில் சுருக்கம் இருந்தால் திரும்ப உருக்குகிறேன். இதில் தத்துவம் ஒன்றும் இல்லை. எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் எங்கட சனத்துக்கு இதை விளங்கப்படுத்த முடியாது. பத்மநாதன் வீட்டில் குண்டு செய்கிறான் என்று ரொம்சோஸில் ஒருவர் கேள்விப்பட்டால், கதை ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குப் போய்ச் சேரும்போது என் கராஜில் ஆட்லறிப் பீரங்கி நிற்கும்.

பிசகினது இரண்டாவது நிபந்தனையில். ஈயம் உருகும்போது மேலே கசடு மிதக்கும். அதை வழித்தெடுக்க நீளக் காம்புள்ள கரண்டி வேண்டும். சிவமலரின் பழைய இரும்புக் கரண்டி அதற்கென்றே செய்தது மாதிரி இருந்தது. எடுத்தேன். அவள் அதைத் தேடியபோது நானும் சேர்ந்து தேடினேன்.

எங்கள் வீடுகளில் சட்டி பானை இரண்டு வகை. மீன், இறைச்சி சமைப்பது மச்சச் சட்டி. மற்றது மரக்கறிச் சட்டி. ஒன்றோடு ஒன்று முட்டக்கூடாது, கழுவுகிற பஞ்சு கூட வேறு. இவை இரண்டுக்கும் மேலே, யாரும் தொடாத உயரத்தில், கோயில் சாமான் இருக்கும். எங்கள் வீட்டில் அது ஒரு பெரிய கிடாரம். கந்தசட்டிக்கு ஆறு நாள் விரதம் இருந்தவர்கள் ஏழாம் நாள் விடியச் சாப்பிட்டு முடிக்கிற பாறணைக்கு மட்டும் அது கீழே இறங்கும். மிச்ச முந்நூற்று அறுபத்துநாலு நாளும் ஒரு கரண்டியை ஒளித்துவைக்க அதைவிடப் பத்திரமான இடம் நோர்வேயில் கிடையாது.

பாறணைக்கு ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுப்போம். நூற்றறுபது பேர் வருவார்கள். பதினெட்டு வருடமாகப் பாயாசம் சிவமலருடையது. அவள் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் அவள் பெயரை ஒருவரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை. பாறணையன்று நூற்றறுபது பேரும் அவளுடைய பெயர் சொல்லிப் பாயாசம் கேட்பார்கள். அந்த ஒரு காலைக்காகத்தான் அவள் வருடம் முழுவதும் இருந்தாள் என்று நான் நினைக்கிறேன்.

அந்த வருடப் பாறணையன்று வாழையிலைக் கட்டோடு ஆறரை மணிக்கு மண்டபச் சமையலறைக்குள் போனேன். சிவமலர் கிடாரத்தைத் துழாவிக்கொண்டு நின்றாள்.

"இஞ்சாருங்கோ, துலைஞ்ச கரண்டி கிடாரத்துக்குள்ளை கிடந்ததப்பா! புளி போட்டு மினுக்கினனான். ஒரே கறுப்பு." முகம் முழுக்கச் சந்தோஷம்.

பாறணைக்கு முன் அதை வெளியே எடுத்துவைக்க நான் மறந்துபோயிருந்தேன். விழாவுக்குப் பொறுப்பான சற்குணம் அண்ணையை வெளியே கூட்டிக்கொண்டு போனேன்.

"அண்ணை, பாயாசம் குடுக்கக் கூடாது. அந்தக் கரண்டியிலை ஈயம் பட்டிருக்கு."

"ஈயமோ? அது எங்காலை?"

"தூண்டிலுக்குக் கட்ட உருக்கினனான்." நான் ஒரு நாளும் மீன் பிடித்ததில்லை.

"கொதிச்சதுதானே தம்பி. கொதிச்சால் எல்லாம் செத்துப்போம்."

"ஈயம் சாகாது அண்ணை. அதுக்கு உயிரில்லை."

"அப்ப என்ன பயம்? பங்கருக்குள்ளை கிடந்து நாங்கள் என்னென்ன சாப்பிட்டனாங்கள்! சனம் ஆறு நாள் பசியோடை இருக்குது, விடும்."

உள்ளே முதல் வரிசையில் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். மைக்கை எடுத்து, "இது நான் குண்டு வார்க்கிற கரண்டி, ஈயம் பிள்ளைகளுக்கு நஞ்சு" என்று சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். சபையில் மூன்று தாதிமார் இருந்தார்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் நான் என் பெயரை நினைத்தேன்.

"உண்மையைச் சொல்லுறன் அண்ணை," என்றேன். "அது மச்சக் கரண்டி. மாட்டிறைச்சி காய்ச்சினது."

ஈயத்துக்கு அசையாத மனிதர் முழங்கால் வருத்தத்தையும் மறந்து ஓடினார். அரை நிமிடத்தில் அடுப்பு அணைந்தது. இரண்டாவது நிமிடத்தில் மண்டபம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தது என்னை அல்ல. கரண்டி சிவமலருடையது.

"உண்மையோ அக்கா?" என்று உதவிக்கு நின்ற ராசமலர் கேட்டாள்.

சிவமலர் கரண்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வீட்டில் மாட்டிறைச்சி வந்ததே இல்லை என்று அவளுக்குத் தெரியும். புளியில் கழன்ற கறுப்பு என்ன என்று அந்த இடத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. ஒரு வார்த்தையில் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம்.

"ஓம்," என்றாள். "பாக்காமல் எடுத்திட்டன். என்ரை பிழை." ஏப்ரனைக் கழற்றி, நாலாக மடித்து, மேசையில் வைத்தாள்.

நாற்பது லீற்றர் பாயாசத்தை நான் கழிவு நிலையத்துக்குக் கொண்டுபோய், நச்சுப் பொருள் வாங்குகிற யன்னலில் வைத்தேன். என்ன இது என்று அங்கே நின்ற பெண் கேட்டாள். சவ்வரிசி, பால், கசுக்கொட்டை, ஈயம் என்றேன். அவள் ஈயம் என்று மட்டும் எழுதினாள்.

சிவமலர் காருக்குள் இருந்தாள். ஆறு நாள் விரதத்தை ஒரு போத்தல் தண்ணீரோடு முடித்தாள்.

"நான் சொன்னது ரெண்டே ரெண்டு," என்றாள்.

அடுத்த வருடம் அவளை வரவேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. வரச்சொல்லியும் ஒருவரும் ரெலிபோன் எடுக்கவில்லை. பாறணையன்று விடிய நாலு மணிக்கு எழும்பி, தலைக்குத் தோய்ந்து, சேலை கட்டி, கட்டில் விளிம்பில் இருந்தாள். எங்கே போகிறாய் என்று கேட்டேன். "ஒரு இடமும் இல்லை," என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. நான் தனியே மண்டபத்துக்குப் போனேன். எல்லாரும் சாப்பிட்டு முடிந்ததும் மைக்கை வாங்கி, கராஜ், ஈயம், குண்டு, பொய் எல்லாவற்றையும் சொன்னேன்.

ஆறு வருடம் நான் பயந்த சனம் கை தட்டியது. "தம்பி அண்டைக்கு எங்கட பிள்ளையளைக் காப்பாத்தினவர்," என்று சற்குணம் அண்ணை எனக்குப் பொன்னாடை போர்த்தினார். கழகத்தில் எப்படிச் சேர்வது என்று நாலு பெடியன்கள் கேட்டார்கள். ஆட்லறி என்று ஒருவரும் சொல்லவில்லை.

"அப்ப வாற வருசம் சிவமலர் காய்ச்சலாம்தானே அண்ணை?"

அவர் தலையைச் சொறிந்தார். "அதெப்பிடித் தம்பி? முருகனுக்கு முன்னாலை நிண்டு பொய் சொன்னவ எல்லோ."

"முதல் பொய் சொன்னது நான்."

"நீர் அடுப்படிக்கு வரப்போறேல்லையே."

பொன்னாடையைக் காரிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் போனேன். சிவமலர் அதே சேலையோடு குசினியில் இருந்தாள். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அழுகை வந்தது, அழுதேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாயாசம் ஆர் காய்ச்சினது?" என்றாள்.

"ராசமலர்."

"எப்பிடி இருந்தது?"

"சீனி கூட. சவ்வரிசி அவியேல்லை. சனம் பாதியிலை வைச்சிட்டுது."

அவள் தலையாட்டினாள். எழும்பி அடுப்பைப் பற்றவைத்து இரண்டு பேருக்கும் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள்.

பாயாசம் நன்றாகத்தான் இருந்தது. நானே இரண்டு தரம் வாங்கிக் குடித்தேன்.