சீவி எடுத்த சவ்வு

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளில் தானியேலின் கத்திக்குத் தனி மரியாதை. சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து வரும் தோலில் ஒட்டியிருக்கும் சதையையும் சவ்வையும் ஒரு கீறல் விழாமல் சீவிவிடுவான். துளி சவ்வு தங்கினாலும் அந்த இடம் அழுகிவிடும், தோலே வீண். இருபத்திரண்டு வருஷமாக அவனுக்குத் தெரிந்த வேதம் அது ஒன்றுதான். அதை வீட்டுக்குள் கொண்டுவந்தானே, அதுதான் கேடு.

அவன் மனைவி ஜாஸ்மினுக்குச் சர்க்கரை. கணுக்காலுக்குப் பின்னால் வந்த புண் ஒன்றரை வருஷமாக ஆறவில்லை. காலையே எடுக்க வேண்டிவரும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். கடைசி முயற்சியாக, பிரசவத்தில் பிள்ளையை மூடி வரும் சவ்வைப் பதப்படுத்தி வைத்திருந்ததில் ஒரு துண்டைப் புண்மேல் ஒட்டினார்கள். "மேல்கட்டு நனைஞ்சா மாத்திக்கோங்க. உள்ள இருக்கிறதைத் தொடவே கூடாது" என்றாள் நர்ஸ். அன்று தானியேலுக்கு ஷிஃப்ட், கூட வரவில்லை. எவளோ பெற்ற பிள்ளையின் சவ்வு என்றால் மனுஷன் முகம் சுளிப்பானோ என்று ஜாஸ்மின் கூசினாள். புது மருந்து வைத்திருக்கிறார்கள் என்பதோடு விட்டுவிட்டாள். அடிப்பாவி, வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா!

மூன்றாம் நாள் கட்டு நனைந்துவிட்டது. ஜாஸ்மின் குப்புறப் படுத்துக்கொண்டாள்.

"மேல்கட்ட மட்டும் மாத்துங்க."

தானியேல் மேல்கட்டைப் பிரித்துப் பஞ்சை எடுத்தான். புண்மேல் வெங்காயச் சருகு மாதிரி ஒரு சவ்வு. அவனுக்குப் பகீரென்றது. இத்தனை நாள் ஆறாததற்குக் காரணம் இதுதானா! படித்தவர்கள் கண்ணுக்குத் தப்பியது தன் கண்ணில் பட்டதே என்று பெருமை வேறு. கத்தியைக் கொதிநீரில் போட்டெடுத்தான். ஓரத்தைப் பிடித்து, ஒரு துணுக்கு விடாமல் சீவி எடுத்தான். கால் மரத்துப்போயிருந்ததால் அவளுக்குத் தெரியவே இல்லை.

"இன்னாங்க இவ்ளோ நேரம்?"

"முடிஞ்சிச்சிமா. இனிமே சீக்கிரம் ஆறிடும் பாரு."

நாலே நாளில் காய்ச்சல் கண்டது, கால் வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்த டாக்டர் நிமிர்ந்தார்.

"நாங்க வெச்ச சவ்வு எங்க?"

தான் சீவி எறிந்தது என்னவென்று அப்போதுதான் தானியேலுக்குத் தெரிந்தது. சீழ் எலும்புவரை போய்விட்டது, முழங்காலுக்குக் கீழே எடுத்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். ஜாஸ்மின் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவனுக்கு முன்னால் முந்திக்கொண்டாள்.

"அழுக்குன்னு நெனச்சி நான்தான் பிச்சிட்டேன் டாக்டர்."

"படிச்சிப் படிச்சிச் சொன்னோமேம்மா! உன் கால நீயே கெடுத்துக்கிட்டியே!"

வார்டே திரும்பிப் பார்க்க, அவள் தலைகுனிந்து திட்டு வாங்கினாள். தானியேல் அவளுக்குப் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டான். நர்ஸ் ஒரு காகிதத்தை நீட்டினாள். காலை எடுக்கச் சம்மதம் என்று அதில் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

போட்டான்.