ஏஞ்சலம்மாளின் டிரில்

என் மாமியார் ஏஞ்சலம்மாள் டைபாய்டில் இரண்டு மாதம் படுத்துக் கிடந்தாள். தேறியபின் தரையிலிருந்து தானாக எழ முடியவில்லை. தாராவியில் அவளுக்குச் சொந்தமாக ஓர் அறை உண்டு; பம்பாயில் அதைக் கோலி என்பார்கள். மாமா இறந்தபின் பதினோரு வருஷம் அங்கே தனியாகவே இருந்தவள். அதைப் பூட்டிவிட்டு என் வீட்டுக்காரர் ஞானசேகரன் அவளைச் செம்பூருக்குக் கூட்டி வந்தார். 1964, மழை முடிந்த சமயம்.

"நான் என் கோலிக்குப் போணும்." அத்தைக்கு விடிந்தால் இதே பேச்சுதான்.

அவருக்கும் ஒரே பதில்தான். "அங்க சண்டாசுக்குத் தெருக்கோடிக்குப் போணும். குந்தி எந்திரிக்க யாரு கையப் புடிப்பா? தானா எந்திரிச்சிக் காட்டு, நானே கொண்டு விடுதேன்."

மாதா கோயில் கூடத்தில், ஓய்வு பெற்ற நர்ஸ் சகாயராணி வாரம் மூன்று நாள் வயதான பெண்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். அவர்கள் அதை டிரில் என்பார்கள். முதலில் பெஞ்சிலிருந்து கை ஊன்றாமல் பத்துத் தடவை எழ வேண்டும். பிறகு முக்காலி, பிறகு மணை, கடைசியில் வெறுந்தரை. முக்காடு போட்ட ஏழெட்டுக் கிழவிகள் "ஏசுவே, ஏசுவே" என்று முனகிக்கொண்டு குந்தி எழுவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வரும். அத்தை சிரிக்கவில்லை. கிறிஸ்துமஸுக்குள் மணைக்கு வந்துவிட்டாள்.

வீட்டில்தான் ஒன்றும் நடக்கவில்லை. அவள் முட்டியை மடக்குமுன் நான் ஓடிப்போய்க் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிவிடுவேன். குடத்தைத் தொட்டால் பிடுங்கிக்கொள்வேன். குழாயடியில் மாமியார் குடம் தூக்கினால் ஊர்க்காரிகள் வாய் சும்மா இருக்குமா?

சகாயராணி ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "இங்க எந்திரிக்கிற மனுஷி வீட்ல ஏன் எந்திரிக்கல? வாரத்துக்கு மூணு மணி நேரம் நான் எழுப்பி விடுறேன். மத்த நேரம்பூரா நீ உக்கார வச்சிடுற. அவங்களத் தொடாத, புஷ்பம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊர்ப்பேச்சுக்குப் பயம் என்று சொல்லி வைத்தேன். பொய். அத்தை வந்த நாளிலிருந்து அவர் என்மேல் கை ஓங்கவில்லை. அவள் எழுந்தால் போய்விடுவாள். எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆனாலும் அன்றிலிருந்து தொடவில்லை. முதல் வாரம் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். குழாயடியில் பேசினார்கள், பேசட்டும். ஒரு மாதத்தில் அத்தை தானே குளித்து, துணி துவைத்து, அரைக்குடம் தண்ணீரும் கொண்டு வந்தாள். குர்லாப் பட்டறைக்கு விடியுமுன் போய்விடும் அவர் கண்ணில் இதெல்லாம் படவில்லை.

தவக்காலத்துக்கு முந்தின ஞாயிறு. பூசை முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது அத்தை மறுபடி கேட்டாள். அவர் நம்பாமல் என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, உள்ளதச் சொல்லு. யாரும் புடிக்காம எந்திரிக்காளா?"

இல்லை என்று ஒரு வார்த்தை போதும்.

"எந்திரிக்காவ," என்றேன். "நான் தொட்டு ஒரு மாசமாச்சு." சொல்லிவிட்டுச் சோற்றுப்பானைப் பக்கம் திரும்பி அழுதேன். மறைக்கத் தெரியவில்லை.

அத்தை தட்டை நகர்த்தினாள். கை ஊன்றாமல் எழுந்து, மகன் முன்னால் போய் நின்றாள்.

"நாளைக்கே என்னக் கொண்டு விடு. இன்னொண்ணும் கேட்டுக்கோலே. இவ மேல கை வச்சேன்னு எங்காதுல விழுந்துச்சு, அன்னைக்கே பஸ் ஏறி வந்துருவேன். கூட்டிட்டு வர எனக்கு இனி ஆளு வேண்டாம்."