வலப்பக்க சீட்டு

உலகநாதனிடம் இருந்த கார் மாதிரி இன்னொன்று திருமுல்லைவாயிலில் மட்டுமல்ல, ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி என்று சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. ஸ்வீடன் தேசத்து வண்டி. டர்போ வண்டி. முன்னால் ஒரு லாரி, அதற்கு முன்னால் ஒரு பஸ், அதற்கும் முன்னால் இன்னொரு லாரி போனாலும் மூன்றையும் ஒரே மூச்சில் தாண்டிவிடும். அப்பேர்ப்பட்ட வண்டியை வைத்துக்கொண்டு அவன் இரண்டு வருடமாக மாட்டுவண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தான்.

காரணம், அந்த வண்டிக்கு ஸ்டியரிங் இடது பக்கம். நம் ஊர் ரோட்டில் இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு முன்னால் போகும் லாரியின் முதுகு மட்டும்தான் தெரியும். எதிரே எமனே வந்தாலும் தெரியாது. வலது பக்க சீட்டில் ஒரு ஆள் உட்கார்ந்து எட்டிப் பார்த்து, 'இருங்க' என்றோ 'போங்க' என்றோ சொல்ல வேண்டும். நாலு வருடம் அதைச் சொன்னவள் அவன் மனைவி வனஜா. அவள் குத்தம்பாக்கத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. குழந்தை குட்டி கிடையாது. ஆகவே வீட்டிலும் வண்டியிலும் அவன் ஒற்றை ஆள்.

வண்டி வந்த கதை சின்னக் கதை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் அவன் மெயின்டனன்ஸ் ஃபோர்மேன். அங்கே புது மெஷின்களை நிறுவ வந்த ஸ்வீடன் இஞ்சினியர் தன் காரையும் கப்பலில் கொண்டுவந்திருந்தார். எண்பத்தொன்பதில் அவர் ஊர் திரும்பியபோது வண்டி ஏலத்துக்கு வந்தது. இடது பக்க ஸ்டியரிங் என்று தெரிந்ததும் ஏலம் எடுக்க வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். உலகநாதன் கையைத் தூக்கினான். வேறு எந்தக் கையும் தூக்கப்படவில்லை.

டர்போ என்றால் பெரிய மந்திரம் இல்லை. வெளியே போகிற புகை ஒரு குட்டி விசிறியைச் சுற்றிவிடும். அது இஞ்சினுக்குள் காற்றை ஊதும். அடுப்பை ஊதுகிற விஷயம்தான். ஆனால் விசிறி வேகம் பிடிக்கக் கொஞ்சம் நேரம் வேண்டும். மூன்றாவது கியருக்கு இறக்கி மிதித்தால் 'ஒண்ணு' என்று எண்ணுவதற்குள் பாயும். சோம்பல்பட்டு நாலாவது கியரிலேயே மிதித்தால் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணும்வரை தூங்கும். அப்புறம்தான் விழித்துக்கொண்டு ஓடும்.

இதெல்லாம் வனஜாவுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. ஒரே மாதத்தில் அவளாகப் பிடித்துக்கொண்டாள். எதிரே வரும் வண்டியின் தூரத்தையும், தங்கள் வண்டி எண்ணும் அந்த ஒண்ணையும் சேர்த்துப் பார்த்துத்தான் 'போங்க' என்பாள். ஒருமுறைகூடத் தப்பியதில்லை. வீட்டில் இருவரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். வண்டிக்குள் அந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டே நாலு வருடம் சந்தோஷமாகக் குடித்தனம் செய்தார்கள். வேலை இல்லாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீபெரும்புதூர் வரை போய்விட்டு வருவார்கள். அவளுக்கும் அது பிடித்திருந்தது.

தொண்ணூற்று மூன்று, காணும் பொங்கல். அண்ணன் வீட்டுக்குப் போகிற வழியில், திருமழிசைக்குப் பக்கத்தில், முன்னால் கரும்பு லாரி. வனஜா வலது கையை ஜன்னலில் வைத்து எட்டிப் பார்த்து "போங்க" என்றாள். உலகநாதன் கியரை மாற்றவில்லை. பண்டிகை நாள், வயிறு நிறைய பொங்கல், ஒரு சோம்பல். நாலிலேயே மிதித்தான். வண்டி நடு ரோட்டுக்கு வந்து தூங்கியது. எதிரே பஸ். அவன் லாரியின் பக்கமாக ஒடித்தான், பஸ்காரர் மண்ணில் இறக்கினார், ஆனாலும் வலது பக்கக் கதவை இழுத்துக்கொண்டு போனது பஸ். வனஜாவின் முழங்கை முறிந்தது. இன்னும் ஒரு சாண் தள்ளியிருந்தால் அவள் இல்லை.

கூட்டம் கூடிவிட்டது. கரும்பு லாரிக்காரர், பஸ்ஸில் வந்த அத்தனை பேர், எழுதிக்கொள்ள வந்த ஏட்டு.

"இன்னாயா, எதிர்ல பஸ் வர்றது தெரில?" என்றார் ஏட்டு.

கியர் அவன் மனதில் இருந்தது. ஆனால் உலகத்தில் இல்லாத வண்டியை வாங்கிவிட்டு ஓட்டத் தெரியவில்லை என்று ஊர் சிரிக்குமே என்ற பயமும் இருந்தது. அவன் மனைவியைக் காட்டினான்.

"எனக்கு எங்க சார் தெரியும்? இவதான் போங்கன்னா. இவள நம்பி வந்தேன்."

"பொம்பளைய கேட்டு வண்டி ஓட்னா இப்டித்தான் நைனா," என்றான் கூட்டத்தில் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். உலகநாதனும் அவர்களோடு சேர்ந்து லேசாகச் சிரித்து வைத்தான். வனஜா முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். ஏட்டு, மனைவி பார்க்காமல் சொன்னதால் நேர்ந்தது என்று எழுதி அவனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

மாவுக்கட்டோடு அண்ணன் வீட்டுக்குப் போனவள் கட்டுப் பிரித்த பிறகும் திரும்பவில்லை. அவன் இரண்டு முறை போய்க் கூப்பிட்டான். இரண்டு முறையும் சாப்பாடு கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. அவள் எதற்காகக் காத்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. ஆம்பிளை வீம்பு என்று அதற்குப் பெயர் சொல்வார்கள். நான் அதைக் கோழைத்தனம் என்பேன்.

வாயால் செய்யாததைக் கையால் செய்யப் பார்த்தான். அம்பத்தூர் பட்டறையில் கதவை ஒடுக்கு எடுத்தான். ஜன்னல் கண்ணாடி இந்தியாவிலேயே கிடைக்காது. பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி அளவாகப் பொருத்தினான். டர்போவுக்கு எண்ணெய் போகும் குழாய் வெடித்தபோது டிராக்டர் குழாயைத் தேய்த்து மாட்டினான். ஒரு வளையத்துக்காக ஸ்வீடனுக்குக் கடிதம் எழுதி மூன்று மாதம் காத்திருந்தான். மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வந்து காருக்கு அடியில் படுத்துக்கொள்வான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு மனிதக் குரலைக் கேட்காமல் போன வாரங்கள் உண்டு. கூட வேலை செய்யும் லட்சுமணனை ஒருமுறை வலது சீட்டில் உட்காரவைத்துப் பார்த்தான். முதல் லாரியிலேயே லட்சுமணன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "மாமே, என்ன எறக்கி உட்ரு, நான் பஸ்ல போறேன்," என்றுவிட்டான்.

அப்படியிருக்கையில், தொண்ணூற்று ஐந்து ஆடியில், வனஜாவின் அண்ணன் திருவேங்கடம் தொழிற்சாலைக்கு போன் செய்தான்.

"மாப்ள, தங்கச்சிக்கு இங்க பால்வாடில வேலை வந்துகீது. இந்த ஊரு ரேஷன் கார்டுல பேர் இருந்தாத்தான் ஆச்சாம். உங்க கார்டுல அவ பேரை எடுத்து, எடுத்துட்டோம்னு ஆபீஸ்ல எழுதி வாங்கணும். ரெண்டு பேரும் நேர்ல போவணுமாம். திங்கக்கெழம வந்துடுங்க."

போனை வைத்த பிறகும் அவன் அங்கேயே நின்றான். வீட்டில் அவளுடையதாக மிச்சமிருந்தது அந்தக் கார்டில் உள்ள பெயர் ஒன்றுதான். ரேஷன் கடைக்காரர் மாதாமாதம் இரண்டு ஆளுக்குச் சர்க்கரை போடுவார்; அவனும் வாங்கி டப்பாவில் கொட்டுவான். பெயர் இருக்கும்வரை அவள் ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிக்கொள்ளலாம். பெயர் போய்விட்டால் என்ன சொல்வது?

திங்கட்கிழமை லீவு போட்டான். கார்டை எடுத்துக்கொண்டான். இந்தமுறை உண்மையைச் சொல்லிவிடுவது, பெயரை எடுக்க வேண்டாம் என்று கேட்டுவிடுவது என்று தீர்மானித்திருந்தான். ஆனால் பூந்தமல்லியில் ஒரு தண்ணீர் லாரி, நசரத்பேட்டையில் ஒரு டிராக்டர். இரண்டின் பின்னாலும் ஊர்ந்து அவன் குத்தம்பாக்கம் சேரும்போது மணி பதினொன்றரை. அம்பத்தூர் ரேஷன் ஆபீஸில் ஒரு மணிக்கு மேல் மனு வாங்க மாட்டார்கள்.

வனஜா தயாராக நின்றாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். வலது கதவைச் சுற்றிப் பார்த்து, "நல்லா எடுத்து கீறாங்க," என்றாள். அவன் ஓடிப்போய் அந்தக் கதவைத் திறந்தான். அவள் பின்கதவைத் திறந்து பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

"முன்னாடி வாயேன்."

"வேணாங்க. இங்கயே சௌகரியமா கீது."

பூந்தமல்லி வரை ரோடு காலியாக இருந்தும் அவனால் வாயைத் திறக்க முடியவில்லை. சென்னீர்குப்பம் தாண்டி ஆவடி ரோட்டுக்குத் திரும்பியதும் ஒரு வைக்கோல் லாரி மாட்டிக்கொண்டது. ரோட்டையே அடைத்துக்கொண்டு அசைந்து அசைந்து போனது. மணி பன்னிரண்டே கால்.

உலகநாதனுக்கு ஒரு நப்பாசை பிறந்தது. இந்த லாரிக்குப் பின்னாலேயே போனால் ஆபீஸ் மூடிவிடும். இன்று பெயர் போகாது. இன்னொரு நாள் அவளுக்கு நேரம் அமையாமல் போகலாம். அதற்குள் மனசு மாறலாம். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு லாரி அவனுக்கு நல்லது செய்துகொண்டிருந்தது. அந்தத் தைரியத்தில் வாய் திறந்தது.

"வனஜா. அன்னிக்கு நான் கியர மாத்தல. நாலுலயே மிதிச்சுட்டேன். நீ சரியாத்தான் சொன்னே."

பின்சீட்டிலிருந்து அவள் சொன்னாள்: "தெரியும்."

"தெரியுமா?"

"நாலு வருஷம் இதுல குந்திகினு வந்தேன். மூணுல போட்டா ஒரு சத்தம் வரும், நாலுல ஒரு சத்தம். அது கூடவா தெரியாது எனக்கு?"

"அப்ப ஏன் அன்னிக்கே சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துகினு இருந்தேன்."

"இப்ப சொல்லிட்டேனே."

"இப்ப இங்க நாம ரெண்டே பேருதான் கீறோம். அன்னிக்கு ஊரே இருந்துச்சு. கை வலிச்சது கூட பெருசா தெரில. நீங்களும் சிரிச்சீங்க பாருங்க." அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"பேரு இருந்துட்டுப் போகட்டுமே வனஜா. ஒரு ஓரமா."

"எனக்கு வேலை வேணும்ங்க."

மணி பன்னிரண்டரை. பின்சீட்டில் அவள் வலது ஓரத்துக்கு நகர்ந்தாள். கண்ணாடியை இறக்கினாள். தலையை வெளியே நீட்டினாள்.

"இருங்க," என்றாள். ஒரு பஸ் கடந்து போனது. "இருங்க." ஒரு மோட்டார் சைக்கிள். அப்புறம், "போங்க."

காதில் விழாத மாதிரி இருந்துவிடலாம். தயங்குகிற மாதிரி நடிக்கலாம். நாலிலேயே மிதித்துவிட்டு, முடியவில்லை என்று பின்வாங்கலாம். இதெல்லாம் அவனுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் இரண்டு வருடம் கழித்துக் கேட்ட அந்தச் சொல்லை மறுபடி பொய்யாக்க அவனால் முடியவில்லை. மூன்றாவது கியருக்கு இறக்கி மிதித்தான். ஒண்ணு எண்ணுவதற்குள் வண்டி சீறிக்கொண்டு பாய்ந்தது. வைக்கோல் மணம் உள்ளே அடித்துவிட்டுப் பின்னால் போனது. அவ்வளவு சுத்தமாக அவன் அதுவரை எந்த லாரியையும் தாண்டியதில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆவடியில் இன்னும் இரண்டு முறை அவள் சொன்னாள், இரண்டு முறையும் தாண்டினான். திருமுல்லைவாயிலில் தங்கள் தெருமுனை வந்தபோது வேகத்தைக் குறைத்தான். அவள் எதிரே வரும் வண்டிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆபீஸுக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். இருபது பேர் வரிசையில் இருந்தார்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வயதான கிளார்க் ஒருவர் கார்டை வாங்கிப் பிரித்தார்.

"யார் பேரை எடுக்கணும்?"

"என் பேருங்க. வனஜா."

"காரணம்?"

வனஜா வாயைத் திறப்பதற்குள் உலகநாதன் பேசினான். வரிசை முழுக்கக் கேட்கிற குரலில் பேசினான்.

"தப்பு என்னுது சார். ஆக்சிடெண்ட்ல இவ கை ஒடஞ்சுது. வண்டிய தப்பா ஓட்டினது நானு. இவ சொன்னதாலதான்னு போலீஸ்ல பொய் சொல்லி கையெழுத்துப் போட்டேன். ஊரே இவளப் பாத்து சிரிச்சுது, நானும் சிரிச்சேன். அதான் காரணம். எழுதிக்கங்க."

வரிசையில் யாரோ இருமினார்கள். வனஜா அவனைத் திரும்பிப் பார்த்தாள். திருமழிசை ரோட்டில் பார்த்த பிறகு இன்றுதான் அவன் முகத்தை நேராகப் பார்க்கிறாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

கிளார்க் பேனாவோடு காத்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"அதுக்கெல்லாம் இதுல எடம் இல்லப்பா. இறப்பு, கல்யாணம், குடிபெயர்ச்சி. மூணுதான் இருக்கு. எதைப் போடட்டும்?"

உலகநாதன் வனஜாவைப் பார்த்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜன்னலின் பக்கம் திரும்பினாள்.

"குடிபெயர்ச்சின்னு போடுங்க சார்," என்றாள்.

அவர் அப்படியே எழுதினார். ஸ்கேலை வைத்து அவள் பெயரின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தார். சான்றிதழை அவளிடமும் கார்டை அவனிடமும் கொடுத்தார்.

"அடுத்த மாசத்துலருந்து சர்க்கரை ஒரு ஆளுக்குத்தான் வரும்," என்றார். "கடையில போய் சண்டை போடாதீங்க."

"இல்லைங்க," என்றான் உலகநாதன்.