மார்கழியில் சுடாத சேவர்

சாவகச்சேரியில் ஒரு கலியாணம். மாப்பிள்ளை தாலியைத் தூக்கிப் பொம்பிளையின் கழுத்தடிக்குக் கொண்டுபோன நேரம், ரொறொன்ரோவில் நித்திரை முழித்துப் பார்த்துக்கொண்டிருந்த அவளுடைய பெரியம்மாவின் தொலைக்காட்சியில் அந்தக் கை அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது. படம் திரும்ப அசைந்தபோது ஐயர் ஓரமாக இருந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

பெரியம்மா உடனே மண்டபத்துக்கு ஃபோன் எடுத்தா. "கட்டினவரோ, கட்டேல்லையோ? எனக்குக் கை மட்டும்தான் தெரிஞ்சது!"

கமராக்களுக்குப் பின்னால் மடிக்கணினியோடு இருந்த ஸஜானாவுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நேரலை பிசகாமல் போவது அவளுடைய பொறுப்பு. புத்தளத்தில் பிறந்து, வாப்பாவும் உம்மாவும் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியபோது கூடவே வந்தவள். படித்து முடித்த கையோடு ஜெயசுதனின் நிறுவனத்தில் சேர்ந்தவள். கலியாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்று ஊரில் நடக்கிற நல்ல காரியம் எல்லாவற்றையும் வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு நேரலையாகக் காட்டுவதுதான் அந்த நிறுவனத்தின் தொழில். கஸ்தூரியார் வீதியில் மேல்மாடியில் அலுவலகம். அங்கே ஒரு சின்ன அறையில், ஏசிக் குளிரில், சேவர் என்கிற பெரிய கணினி இருந்தது. மண்டபத்திலிருந்து போகிற படமெல்லாம் அதற்குள் புகுந்துதான் உலகத்துக்குப் போகும்.

"உது லைன்காரன்ரை வேலை. இண்டைக்கு அவங்களை விடமாட்டன்" என்றார் ஜெயசுதன். அவருக்கு எது பிழைத்தாலும் இன்டர்நெட் லைன் கொடுக்கிறவர்கள்தான் காரணம். ஃபோனில் அவர் சத்தம் போட்டால் வீதிக்குக் கேட்கும்.

ஸஜானாவுக்கு அது லைன் என்று படவில்லை. சேவரைக் கண்காணிக்கிற மென்பொருள் ஒன்று இருந்தது. எவ்வளவு சூடு, எவ்வளவு வேலை, எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று சில விநாடிக்கொருதரம் அளந்து வைக்கும். அன்றைக்கும் சேவர் கொதித்துத்தான் இருந்தது. சூடு எல்லை மீறினால் சேவர் தன்னைக் காப்பாற்ற வேகத்தைக் குறைத்துவிடும், படம் நிற்கும். ஆனால் வேலை கூடினதால் சூடு வந்ததா, வேறேதும் காரணமா? போன முறை இப்படி ஒரு நேரலை நின்ற நாளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாமென்று போனால், அந்த நாளே அங்கே இல்லை. மென்பொருள் பதினைந்து நாளுக்கு மேல் எதையும் வைத்திருக்காது. பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதும். கலியாணங்களோ மாதத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஒன்று பிழைத்து மற்றது பிழைப்பதற்குள் முதலாவதின் தடயம் போய்விடும்.

"அண்ணை, இந்த அளவீடுகளை வெளியிலை ஒரு தரவுத்தளத்துக்கு அனுப்பிச் சேர்த்து வைப்பம். சிங்கப்பூரிலை சின்னனா ஒண்டு வாடகைக்கு எடுக்கலாம். எங்கடை சேவர் விழுந்தாலும் அது இருக்கும்."

ஜெயசுதன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "என்ரை அறையின்ரை சூட்டைச் சிங்கப்பூருக்கு அனுப்பப் போறாய்?"

"ஓம் அண்ணை."

"அங்கை ஏற்கெனவே வெக்கை தானே, பிள்ளை" என்று சிரித்துவிட்டு, "சரி, செய்" என்றார்.

அது ஆவணி மாதம். முதல் வாரமே வாடகை இடம் நிரம்பி வழிந்தது. ஒன்றும் விடாமல், விநாடி விநாடியாக எல்லாவற்றையும் அனுப்பினால் நிரம்பாமல் என்ன செய்யும்? ஸஜானா தலையில் அடித்துக்கொண்டு, தேவையானதை மட்டும் தெரிவுசெய்து, ஐந்து நிமிடச் சராசரியாக்கி அனுப்பினாள். பிறகு அது பாட்டுக்குச் சேர்ந்தது. ஐப்பசியில் இரண்டு கலியாணம் நின்று நின்று போனது. கார்த்திகையில் இன்னொன்று. ஜெயசுதன் லைன்காரரோடு கத்தினார். ஸஜானா அளவீடுகள் சேரட்டுமென்று காத்திருந்தாள்.

தை பிறந்ததும் எல்லாவற்றையும் ஒரே வரைபாகப் போட்டுப் பார்த்தாள். கலியாணத்துக்கு முதல் நாளே சூடு ஏறத் தொடங்கியிருந்தது! கலியாணம் தொடங்கமுதல், ஒரு சனமும் பார்க்காத நேரம். எல்லாத் தடவையும் ஏறத்தாழ ஒரே நேரம்: பகல் பன்னிரண்டரை.

பகல் பன்னிரண்டரைக்கு அலுவலகத்தில் இருக்கிறவர் ஒரே ஆள்தான். பார்த்தீபன். படம் பிடிக்கிறவரும் வெட்டி ஒட்டுகிறவரும் அவர்தான். மற்றவர்கள் சாப்பிடப் போகிற நேரம் பார்த்துப் பெரிய பெரிய வீடியோக்களைச் சேவருக்கு ஏற்றுவார்.

"பார்த்தீபன் அண்ணை, கலியாணத்துக்கு முதல் நாளாவது உதை நிப்பாட்டி வைக்கலாம் தானே? இவ்வளவு நாளும் எங்களுக்குப் பேச்சு வாங்கித் தந்தது நீங்கள்தான்."

ஒரு நாளும் கோபப்படாத மனிசன். அவர் முகம் சுருங்கிப் போனது. தன் ஃபோனை எடுத்து, கார்த்திகைக் கலியாணத்துக்கு முதல் நாள் எடுத்த படங்களைக் காட்டினார். வல்வெட்டித்துறைக் கடலுக்கு மேலே ட்ரோனில் எடுத்தவை. நல்ல உச்சி வெயில்.

"அண்டைக்கு நான் கந்தோருக்கே வரேல்லை, தங்கச்சி."

ஸஜானா சாப்பிடப் போகவில்லை. வரைபை முன்னால் வைத்துக்கொண்டு பின்னேரம் வரை முழிசிக்கொண்டிருந்தாள். பிறகுதான் கண்ணில் பட்டது. அலுவலகம் பூட்டியிருக்கிற விடியப்புறத்தில் எல்லாரும் கணினியை இயக்கத் தொடங்கியதாக வரைபு சொன்னது. எட்டரைக்கு வேலை தொடங்குகிற இடத்தில் மூன்று மணிக்கு யார் வந்தது? தரவுத்தளம் நேரத்தைக் கிறீன்விச் கணக்கில் எழுதியிருக்கிறது. எங்கள் நேரம் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால். பன்னிரண்டரை என்று அவள் பார்த்தது பின்னேரம் ஆறு மணி!

எழும்பிப் போய்ப் பார்த்தீபனின் மேசையில் பால் விடாத ஒரு பிளேன்டீயை வைத்தாள். "அண்ணை, என்னை மன்னிக்க வேணும். நான் லண்டன் நேரத்திலை உங்களைக் குற்றம் சொல்லிப் போட்டன்."

பார்த்தீபனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, சரி. உந்த வரைபைக் காட்டு பாப்பம்." கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். விரலை வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டு போனவர் ஓரிடத்தில் நின்றார். அங்கே கோடு ஒரு மாதம் முழுக்கத் தட்டையாகக் கிடந்தது.

"இது எந்த மாசம்?"

"டிசம்பர் நடுவிலையிருந்து ஜனவரி நடு வரைக்கும். அதுதான் எனக்கும் விளங்கேல்லை. திருவாதிரைத் தரிசனத்தை ஆயிரக்கணக்கிலை பார்த்தவை. சேவருக்கு வருசத்திலையே கூடின வேலை அண்டைக்குத்தான். சூடு ஏறவே இல்லை."

"மார்கழி. மார்கழியிலை எங்கடை ஆக்கள் கலியாணம் செய்யாயினம்." பார்த்தீபன் நிமிர்ந்தார். "அப்ப சனம் பார்க்கிறதாலை சுடேல்லை. கலியாணத்தாலை சுடுது."

கலியாணத்தால் ஒரு இரும்புப் பெட்டி எப்படிச் சுடும்? இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஆனால் வியாழக்கிழமை ஒரு கலியாணம் இருந்தது. புதன் பின்னேரம், மற்றவர்கள் போன பிறகு, அவர்கள் இரண்டு பேரும் சேவர் அறைக்கு எதிரே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆறு மணிக்குப் படியில் காலடிச் சத்தம். மூச்சு வாங்க ஏறி வந்தவ லூர்த்தம்மா. கீழே பூக்கடை வைத்திருக்கிறவ. தலையில் பாரமில்லாத வெள்ளை றெஜிபோம் பெட்டி ஒன்று, இடுப்பில் இன்னொன்று. இவர்களைக் கண்டதும், "அட, இன்னும் வீட்டை போகேல்லையே பிள்ளையள்?" என்றபடி இடுப்புச் செருகலிலிருந்து திறப்பை எடுத்துச் சேவர் அறையைத் தன் வீட்டைத் திறப்பதுபோலத் திறந்தா.

ஸஜானா பின்னாலேயே ஓடினாள். லூர்த்தம்மா பெட்டிகளைச் சேவரின் முகத்துக்கு நேரே, அது காற்று இழுக்கிற இடத்தை அடைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினா. கீழே போய் இன்னும் நாலு கொண்டுவந்தா. கதிரையில் ஏறி ஏசியின் வாயைப் பூப்பக்கம் திருப்பிவிட்டா. பெட்டி நிறைய ரோசா மாலை, மல்லிகை, பொம்பிளைக்குத் தலைப்பூ. அறை கலியாண வீடாக மணந்தது.

"இந்தக் குளிருக்கு நாளைக்குப் பின்னேர ரிசெப்ஷன் வரைக்கும் ஒரு இதழ் வாடாது, பாருங்கோ" என்றா பெருமையோடு.

"ஆர் அம்மா உங்களுக்குத் திறப்புத் தந்தது?"

"உங்கடை ஜெயசுதன் தம்பிதான். போன வருசம் வெக்கையிலை என்ரை மாலையெல்லாம் கருகிப்போச்சு. பாத்திட்டு, 'மேலை குளிர் சும்மா தானே கிடக்குது, கொண்டுவந்து வையுங்கோ அக்கா' எண்டார். தங்கமான பிள்ளை."

பார்த்தீபன் சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஸஜானா ஜெயசுதனுக்கு ஃபோன் எடுத்தாள். கலியாண நாளில் எல்லாரும் மண்டபத்தில் நிற்க, அலுவலகம் பூட்டிக் கிடக்க, சேவர் பூவுக்குள் மூச்சுமுட்டிக் கிடந்த கதையைச் சொன்னாள்.

"பிள்ளை."

"ஓம் அண்ணை."

"நான் லைன்காரரை என்னென்ன எல்லாம் பேசிப்போட்டன், தெரியுமோ?"

"கேட்டது அண்ணை. வீதிக்கே கேட்டது."

பூவை வெளியே எடுக்கச் சொல்ல ஒருவருக்கும் மனமில்லை. பார்த்தீபன் பழைய கமராத் தட்டொன்றை மற்றச் சுவரில் அடித்துக் கொடுத்தார். பெட்டிகள் அங்கே ஏறின. ஏசியின் வாய் நடுவுக்குத் திரும்பியது. மறுநாள் கலியாணத்தில் தாலி ஏறியதை லண்டன், பரிஸ், மெல்பேர்ண் எல்லாம் ஒரு கணமும் விடாமல் பார்த்தது. மடிக்கணினியில் சூட்டின் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஸஜானா, மண்டபம் முழுக்க அட்சதை எறிய, தானும் எழும்பி நின்று கை தட்டினாள். அன்று பின்னேரமே ஜெயசுதன் இரண்டு பெட்டி லட்டோடு லைன்காரரின் கந்தோருக்குப் போனார். திரும்பி வரும்போது அங்கே வேலை செய்கிற ஒரு பொடியனின் கலியாண நேரலைக்கு நாளும் குறித்துக்கொண்டு வந்தார்.

ஸஜானா பூத்தட்டில் ஒரு சின்ன வெப்பமானியைப் பொருத்தி, அதன் அளவையும் சிங்கப்பூருக்கு அனுப்பத் தொடங்கினாள். லூர்த்தம்மாவின் ஃபோனிலும் அந்தக் கோட்டைப் பார்க்கிற மாதிரிச் செய்து கொடுத்தாள். லூர்த்தம்மா ஃபோனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, எட்டப் பிடித்து, கடைசியில் கேட்டா:

"இது எவ்வளவு காலத்துக்கு அழியாமல் இருக்கும், பிள்ளை?"

"நீங்கள் விரும்புற மட்டும் இருக்கும் அம்மா."

"அப்ப ரோசா கூட நாள் நிக்குதோ, மல்லிகை கூட நாள் நிக்குதோ எண்டும் சேர்த்து எழுத ஏலுமோ?"

ஸஜானா கதிரையை இழுத்து அவவுக்குப் பக்கத்தில் இருந்தாள். "ஏலும். முதல் ரோசாவிலையிருந்து தொடங்குவம்."