வரைபடத்தில் வீடு இல்லை

“அப்ப நாங்க இன்னும் மரந்தானா?” என்று கேட்டாள் அக்கா.

“காகிதத்துல மட்டும்தான்க்கா.”

“காகிதத்துல மட்டும்னா, நேத்து தோட்டக்காரர் எதுக்கு நம்ம வாசப்படியில எருவைக் கொட்டிட்டுப் போனாரு?”

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அடங்கியும்விட்டது.

பழைய கலங்கரை விளக்கைச் சுற்றிப் பூங்கா அமைக்கும் வேலை அவள் அலுவலகத்துக்கு வந்தபோது, படம் வரையும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. நூறு மீட்டருக்குள் இருக்கும் கட்டடமெல்லாம் இடிபடும். பதினொன்றை எண்ணிக் குறித்தாள். பன்னிரண்டாவது அவள் பிறந்த வீடு. வானத்திலிருந்து எடுத்த படத்தில் அந்தக் கூரை தெரியவே இல்லை. பக்கத்து வாகைமரம் அதன்மேல் கவிந்துகிடந்தது. பச்சையில் ஒரு வட்டம் போட்டு, ‘இருக்கும் மரம், காக்கப்படும்’ என்று எழுதினாள்.

வீடு தப்பியது. ஆனால் மரத்துக்கு எதற்குப் பாதை? தெரு புல்வெளியானது. சுற்றிலும் வேலி வந்தது, ஒரே ஒரு கேட்டோடு. சாயங்காலம் ஆறு மணிக்குப் பூட்டு. அந்த வேலியின் வளைவையும் அவள்தான் வரைந்தாள். அலுவலகத் தலைவர் அதைப் பார்த்து, நதி மாதிரி இருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினார். வழியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றிருந்தாள். கையெழுத்து விழுந்த பிறகு, பிறகு என்பதே இல்லாமல் போயிற்று.

வெளியே காவலாளியின் விசில் கேட்டது. ஆறாக இன்னும் பத்து நிமிடம்.

“நான் விசில் ஊதினா பஸ் கிளம்பும்,” என்றார் சக்கர நாற்காலியில் இருந்த அப்பா. முப்பது வருடம் கண்டக்டராக இருந்தவர். “இவன் ஊதினா நான் உள்ள போகணும். நல்ல உத்தியோகம்.”

அக்கா சிரிக்கவில்லை. “போன வாரம் அப்பாவுக்கு மூச்சு முட்டுச்சே, ஆம்புலன்ஸ் கேட்டுக்கு வெளியவே நின்னுது. சாவி கிடைக்க இருபது நிமிஷம். இன்னொரு தடவை தாங்காதுடி. வேலியில ஒரு ஸ்ட்ரெச்சர் போற அளவுக்கு சந்து விட்டா என்ன குறைஞ்சிடும்?”

“ஒரு கோடு மாறினாலும் திரும்ப இடத்தைப் பார்க்க வருவாங்கக்கா. வந்தா மரமா தெரியும்?”

“வீட்டை இடிச்சா எங்கடி போறது?”

தங்கை ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே புல் அவ்வளவு அழகாக, அவள் நிறம் தீட்டியபடியே, வாசல்வரை வந்து நின்றிருந்தது. அதில் சக்கரம் பதிந்த தடம் நாலடி போய்ப் புதைந்து, அதோடு நின்றுபோயிருந்தது.

இரண்டாவது விசில் கேட்டது. அவள் பையை எடுத்தாள். இப்போது கிளம்பாவிட்டால் காலைவரை அவளும் உள்ளேதான்.

அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். டிக்கெட் கிழித்துக் காய்த்த விரல்கள்.

“அக்கா சொல்றதை விடு,” என்றார். “இடிச்சா இடிக்கட்டும், எங்கயாவது தெருவைப் பார்த்து உக்காந்திருப்பேன். நாளைக்கு ஆபீஸ் போனதும் அந்தப் பச்சை வட்டத்தை அழிச்சிட்டு, வீடுன்னு எழுதிடும்மா.”