கொதிநீரில் பசித்தவை

ஆய்வகத்தில் அவளுக்கு ‘வெந்நீர் மேடம்’ என்று பெயர். வெந்நீர் ஊற்றின் வாயிலிருந்து ஒரு குடுவைச் சேறு அள்ளி வந்து, அதிலிருக்கும் நுண்ணுயிரிகளை வளர்த்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றதால் வந்த பெயர். அவையோ அசைந்துகொடுக்கவில்லை. அறுபது டிகிரிச் சூடு, சர்க்கரை, நல்ல காற்றோட்டம் என்று மாப்பிள்ளை உபசாரம் செய்தும் எதுவும் வளராமல் சோதனைக் குழாய்களில் தண்ணீர் பளிங்காகவே நின்றது.

“செத்த பாம்பை அடிக்கிறீங்க மேடம்” என்றார் பக்கத்து மேசைக்காரர்.

குழாய்களைக் கொட்டிவிடத்தான் எழுந்தாள். கை வரவில்லை. அந்த ஊற்றை நினைத்துப் பார்த்தாள். தண்ணீர் ஏறக்குறைய கொதித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் கல்லெல்லாம் மஞ்சளாகக் கந்தகம். அங்கே சர்க்கரைக்கு எங்கே போவது? அந்தச் சூட்டில் ஆக்சிஜன்தான் எவ்வளவு தங்கும்?

“எனக்குப் பிடிச்சதையே ஊட்டிக்கிட்டு இருந்திருக்கேன். பாவம், அதுங்க குளிர்ல விறைச்சே போயிருக்கும்!” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். சூட்டைத் தொண்ணூறுக்கு ஏற்றினாள். குழாய்களிலிருந்து காற்றை விரட்டி நைட்ரஜனை நிரப்பினாள். சர்க்கரைக்குப் பதில் புரதச் சாறு, கூடவே ஒரு சிட்டிகை கந்தகத் தூள்.

சில நாள் கழித்து அவள் வீட்டு வாசலைத் தாண்டியதுமே, பஸ் டிரைவரான கணவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“என்னம்மா இது, கூடை முட்டையும் ஒண்ணா அழுகின மாதிரி?”

“நிஜமாவா? நல்லா நாறுதா?”

“குடலைப் புரட்டுது!”

அவள் அவரைக் கட்டிக்கொண்டாள். “வளர்ந்துடுச்சுங்க! நாம மூச்சை இழுத்து விடுற மாதிரி, அதுங்க கந்தகத்தை வெச்சு இந்த வாயுவை விடுது. குழாயெல்லாம் கஞ்சித் தண்ணி மாதிரி கலங்கியிருக்கு.”

“சந்தோஷம். முதல்ல போய்க் குளி.”

புரதத்தைத் தின்ன வேண்டுமென்றால் அதை வெட்டிப்போடும் நொதி அவற்றிடம் இருந்தாக வேண்டும். சாதாரண நொதியை அந்தச் சூட்டில் வைத்தால் வெந்த முட்டை போலக் கெட்டுப்போகும். இது கெடுமா? உயிரிகளை வடிகட்டி நீக்கிவிட்டு, மிஞ்சிய நீரைச் சூடான பாலில் விட்டாள். வெள்ளை கரைந்து பால் தெளிந்துகொண்டே வந்தது. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, “பாம்பு படமெடுக்குதே மேடம்” என்றார். அவள் வாயெல்லாம் பல்.

செய்தி நாத்தனாரை எட்டியது. அவள் சலவை நிலையம் நடத்துபவள். விடுதி உணவறை மேசைத்துணிகளோடு மல்லுக்கட்டியே அலுத்துப்போனவள்.

“அண்ணி, வெந்நீர்ல போட்டா நான் வாங்குற சலவைத்தூள் படுத்துடுது. வெந்நீர் இல்லன்னா எண்ணெய் போக மாட்டேங்குது. உங்க சரக்கைக் கொஞ்சம் கொண்டாங்களேன்.”

ஒரு விடுமுறை நாளில் சலவை நிலையத்திலேயே கழிவுத் துணிகளை வைத்துச் சோதனை நடந்தது. ஆவி பறக்கும் வாளியில் நொதியை ஊற்றி, முட்டைக் கறையும் பால் கறையும் படிந்த பருத்தித் துணிகளைப் போட்டார்கள். எடுத்து அலசியபோது கறை போன இடம் தெரியவில்லை. நாத்தனார் துணியை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அண்ணி, இனிமே நீங்க எங்க கட்சி!”

இருவரும் துணிகளைக் காயப்போடப் போன நேரத்தில், வேடிக்கை பார்க்க வந்திருந்த டிரைவர் தம் கம்பளி ஸ்வெட்டரை வாளிக்குள் நைசாக அமுக்கிவிட்டார். அதிகாலை பஸ் ஓட்டுகையில் குடித்த தேநீரெல்லாம் அதன் மார்பில் வரைபடமாகப் படிந்திருந்தது. அதைத் தூக்கியெறியச் சொல்லி மனைவி நச்சரிக்காத நாளில்லை.

திரும்பி வந்து வாளியைக் கிளறிய மனைவியின் கையில் குழந்தைச் சட்டை அளவுக்குச் சுருங்கிய ஏதோ ஒன்று வந்தது. தொட்ட இடமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்தது.

“அய்யய்யோ, கம்பளி முழுக்கப் புரதம்ங்க! பருத்தி மாதிரி இல்ல. அதான் தின்னு தீர்த்துடுச்சு.”

“கறையைத் தின்னச் சொன்னா ஸ்வெட்டரையேவா?”

நாத்தனார் சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணா, கறை சுத்தமாப் போயிடுச்சு. அதை மட்டும் குறை சொல்லாதே!”

டிரைவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ‘கம்பளி ஆகாது’ என்று சலவை நிலையச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு, மூவரும் கடைத்தெருவுக்குக் கிளம்பினார்கள். புது ஸ்வெட்டரின் நிறத்தை இந்த முறை வெந்நீர் மேடமே தேர்ந்தெடுத்தாள்.