தட்டிவிட்டுத்தான் உள்ளே போகணும்

உமி பரப்பிய கோழிக் கொட்டகைக்குள் நுழையும்முன் கதவை மெல்லத் தட்ட வேண்டும். திடுதிப்பென்று போனால் பிராய்லர்கள் மிரண்டு மூலைக்கு ஓடி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, மூச்சுமுட்டிச் செத்துப்போகும். இந்தப் பழக்கம் எனக்கு எந்த அளவுக்கு ஊறிப்போனதென்றால், எங்கள் படுக்கையறைக் கதவையே தட்டிவிட்டுத்தான் திறப்பேன். "நான் என்ன கோழியா?" என்று உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் கேட்பார். தினமும் அதே கேள்வி, தினமும் அதே இளிப்பு. எரிச்சலாக வரும்.

அவர் உடம்பில் ரத்தம் குறைந்துகொண்டே வந்தது. நகமெல்லாம் வெளுத்து, வாசல்வரை போய்வந்தாலே மூச்சு வாங்கியது. டாக்டர் கொடுத்த மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று தூக்கி எறிந்துவிட்டார். சொன்ன பேச்சைக் கேட்கிற ஆளா அவர்? என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விடுவாரோ என்று எனக்கு உள்ளூர நடுக்கம்.

அந்தமுறை வளர்த்த கோழிகளுக்கும் கொண்டை வெளுத்துத்தான் இருந்தது. எங்களுக்குக் குஞ்சும் தீவனமும் கொடுத்து வளர்க்கச் சொல்கிற கம்பெனியின் சூப்பர்வைசர் ஒரு டானிக் கேனைக் கொண்டுவந்து வைத்தார். ரத்தம் ஊறும், எடையும் ஏறும், தண்ணீரில் கலந்துவிடுங்கள் என்றார். கலந்தவர் என் வீட்டுக்காரர்தான். கொண்டைகள் சீக்கிரமே சிவந்தன. அதைப் பார்த்துவிட்டு இவரும் குடிக்க ஆரம்பித்தார்.

"உங்களுக்கு என்ன கிறுக்கா? அது கோழி மருந்துங்க!"

"கணக்குப் போட்டுட்டேன். எடைக்கு எடை பாத்தா நான் முப்பது கோழி. முப்பது கோழிக்கு உண்டானதைத்தான் குடிக்கிறேன்."

திட்டித் தீர்த்தேன். ஆனால் கொஞ்ச நாளில் அவர் கன்னத்தில் ரத்தம் ஓடியது. சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. அதற்கப்புறம் நான் ஏன் வாயைத் திறக்கிறேன்? சந்தோஷத்தில் அழுதேன்.

பிறகுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. கொட்டகை விளக்கு எரிகிறவரை சாப்பிட்டுக்கொண்டே இருப்பார். அங்கே அதை அணைத்துவிட்டு நான் வந்து பார்த்தால், இங்கே எரிகிற விளக்கின் கீழ், கையில் எடுத்த கவளத்தோடு தூங்கியிருப்பார். கொட்டகைக் கதவைத் தட்டினால் வீட்டுக்குள் கட்டில் கிறீச்சிடும். கோழிகளோ தீவனத்தை விட்டுவிட்டு எங்கள் வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

கோழிகளை லாரியில் ஏற்றுவதற்கு முந்தைய நாள் சூப்பர்வைசர் வந்தார். ஒன்றைத் தூக்கி நெஞ்சுக் கறியை அமுக்கிப் பார்த்தார். போகிறபோது, பழக்கதோஷத்தில் இவர் தோளையும் அமுக்கினார்.

"அண்ணனும் நல்லா தேறிட்டாரு" என்று சிரித்தார்.

இவர் சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தார்.

மறுநாள் காலையில் தீவனத் தட்டுகளை எட்டாத உயரத்தில் தூக்கிக் கட்டினேன். லாரி ஏறுகிற அன்று கோழிக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும், அதுதான் முறை. வீட்டுக்கு வந்து இவருக்குச் சாப்பாடு வைத்தேன். தட்டைத் தள்ளிவிட்டார்.

"இன்னிக்குத் தீனி கிடையாதே. சாயங்காலம் லாரி வருதில்ல?"

"உங்களுக்கு எதுக்குங்க லாரி?" என்று கத்தினேன். அவர் அதற்குள் வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து இழுத்து, படுக்கையறைக்குள் தள்ளி, வெளியே பூட்டினேன். இவரை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

லாரி வந்தது. ஆட்கள் கோழிகளைப் பிடித்துக் கூண்டுகளில் அடைத்தார்கள். வழக்கமாகக் காது கிழியும். அன்று ஒரு கோழிகூடக் கத்தவில்லை. கடைசிக் கூண்டு ஏறியதும் டிரைவர் எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தார்.

"பாக்கி ஏதாவது இருக்காக்கா?"

"ஒண்ணுமில்ல. நீங்க கிளம்புங்க."

வண்டிச் சத்தம் தேய்ந்ததும் ஓடினேன். பூட்டைத் திறந்தேன். கை தானாகக் கதவைத் தட்டியது. அந்தப் பாழாய்ப்போன கேள்வியைக் கேட்டுத் தொலையுங்களேன் என்று காத்திருந்தேன்.

எங்கள் அறையில் வெறும் சிமென்ட் தரைதான். உள்ளே, உமி தெறிக்க, ஆயிரம் கால்கள் எதிர்மூலைக்கு ஓடின. ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிற சத்தம் கேட்டது. எல்லாவற்றுக்கும் அடியில், மூச்சுமுட்டி, என் வீட்டுக்காரர் இருமினார்.